வாடகைக்கு வீடு, வாசலில் விசாரணை

வாடகைக்கு ஆள் பிடிக்க ஏன் இவ்வளவு விசாரணை என்று கொழும்பில் வீடு வைத்திருப்பவரைக் கேட்டால், பத்தில் எட்டுப் பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: “பிறகு புதுக்கடைக்கு ஆர் அலையிறது?”

உயர் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் எல்லாம் கூடியிருக்கும் புதுக்கடை மேடு வழக்கறிஞருக்கும் நொத்தாரிசுக்கும் சோறு போடும் இடம். வீட்டுக்காரருக்கோ அது வயதைத் தின்னும் இடம். ஒரு வாடகைக்காரரை ‘எழுப்புவதற்கு’ வழக்குப் போட்டால் தவணைக்கு மேல் தவணை விழும். தீர்ப்பு வந்தால் மேன்முறையீடு, அதுவும் முடிந்தால் பிஸ்கால் அதிகாரி வந்து வீட்டைத் திறந்து கொடுக்கும் நாளுக்காகக் காத்திருப்பு. வழக்குத் தொடுத்த தகப்பன் செத்து, மகன் பெயரை வழக்கில் சேர்த்து, அந்த மகனுக்கும் தலை நரைத்த கதைகள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெருவுக்கு ஒன்று உண்டு. அந்தக் கதைகளில் மிகை இருக்கலாம். ஆனால் வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்கிற கேள்விகளுக்கு அவைதான் முதல் நியாயம். உள்ளே விட்டால் வெளியே அனுப்ப முடியாது, ஆகவே உள்ளே விடும்போதே சலித்துவிட வேண்டும்.

இந்த நியாயம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பார்க்கச் சட்டத்தின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். வாடகைக் கட்டுப்பாடு இங்கே போர்க்காலத்துப் பிள்ளை. 1942இல் கட்டளைச் சட்டமாக வந்து, 1948இல் தனிச் சட்டமாகி, 1972இல் ஐக்கிய முன்னணி அரசின் காலத்தில் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமாக இறுகியது. அந்தச் சட்டத்தில் வாடகை என்பது சந்தை விலை அல்ல, சோலைவரி மதிப்பீட்டை அடியாகக் கொண்ட ஒரு கணக்கு. மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்கக் கூடாது. வாடகை நிலுவை, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், வீட்டைப் பாழாக்குதல், சொந்தக்காரருக்கே நியாயமான தேவை என்று எண்ணி வைத்த சில காரணங்களுக்கு மட்டுமே வெளியேற்ற வழக்குப் போடலாம். வாடகைக்காரர் இறந்தால் கூட இருந்த மனைவி பிள்ளைகளுக்கு வாடகை உரிமை போகும். மறுவருடமே வந்தது 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டு உடைமை உச்சவரம்புச் சட்டம். ஒரு குடும்பம் இத்தனை வீடுதான் வைத்திருக்கலாம், மிச்சம் தேசிய வீடமைப்பு ஆணையாளருக்குப் போகும், அதில் குடியிருப்பவரே அதை வாங்கிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். அப்போது வீடமைப்பு அமைச்சராக இருந்தவர் கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன்.

ஏழை வாடகைக்காரருக்கு இந்தச் சட்டங்கள் கொடுத்த நிம்மதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, ஆட்டுப்பட்டித்தெருப் பக்கத்து வத்தை எனப்படும் நெரிசல் குடியிருப்புகளில் இரண்டு தலைமுறை தலைக்கு மேல் கூரையோடு இருந்தது அவற்றால்தான். ஆனால் சட்டம் இருக்கிறவரைக் காத்தது, வரப்போகிறவரை வாசலில் நிறுத்தியது. ‘கீ மணி’ என்ற கைமாற்றுப் பணம் வேரூன்றியது இந்தக் காலத்தில்தான். வாடகையைச் சட்டம் கட்டிவைத்ததால், வீட்டுக்காரர் சாவிக்கு விலை வைத்தார். அதைக் கொடுக்க முடியாதவருக்கு வாசலிலேயே வழி மறுக்கப்பட்டது, வேறு காரணம் சொல்லத் தேவைப்படவில்லை.

இதெல்லாம் பழைய கதை என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. 1980இல் வந்த திருத்தம், அதன் பிறகு புதிதாகக் கட்டிய குடியிருப்பு வீடுகளையும், அதுவரை சொந்தக்காரரே இருந்து பின்னர் வாடகைக்கு விட்ட வீடுகளையும் சட்டத்தின் பிடியிலிருந்து பெருமளவு விடுவித்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் பிடியை மேலும் தளர்த்தியது. வெள்ளவத்தையில் இன்று வாடகைக்கு விடப்படும் தொடர்மாடிகளை எண்ணிப் பாருங்கள். இராமகிருஷ்ணா வீதி, ஹம்டன் ஒழுங்கை, பிரான்சிஸ் வீதி, 57ஆம் ஒழுங்கை என்று காலி வீதியை அண்டி எழுந்தவற்றில் பெரும்பகுதி 1990களுக்குப் பிந்திய கட்டடங்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் வாசலுக்கே வருவதில்லை. 2023இன் 1ஆம் இலக்கச் சட்டமோ, நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய குத்தகை முடிந்தும் போகாதவரைச் சுருக்கமான நடைமுறையில் வெளியேற்ற வழி செய்திருக்கிறது. வழக்குத் தாமதம் இன்னும் மெய்தான். ஆனால் சட்டம் தளர்ந்த அளவுக்கு வாசல் விசாரணையும் தளர்ந்திருக்க வேண்டுமே! தளரவில்லை. ஆகவே புதுக்கடைப் பயம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி எங்கே இருக்கிறது?

வெள்ளவத்தையில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஒரு வரி விளம்பரம் பார்த்து அழைப்பவரின் அனுபவம் அநேகமாக இப்படித்தான் போகும்.

“அன்ரி, அனெக்ஸ் வாடகைக்கு எண்டு பேப்பரில பாத்தனான்.”

“ஓம் தம்பி. எத்தினை பேர்?”

“நானும் மனுசியும். ஒரு பிள்ளை, மூண்டு வயசு.”

“சின்னப் பிள்ளை… சரி. என்ன வேலை?”

“பாங்கில அன்ரி. மனுசி வீட்டிலதான்.”

“மச்சம் சமைப்பீங்களோ?”

“எப்பவாவது.”

“அதுக்கொண்டுமில்லை, கேட்டனான். சொந்த இடம் எவடம்?”

“வடமராட்சி.”

“வடமராட்சியில எவடம்?”

ஊர் பெயர் சொல்லப்படும். அத்துடன் முடியாது. அந்த ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, தகப்பன் என்ன செய்தவர், இன்னாரைத் தெரியுமோ என்று கேள்வி ஒழுங்கைக்குள் ஒழுங்கையாக இறங்கும். கடைசியில், “இன்னொருத்தர் முதலே கேட்டவர் தம்பி, அவையிட்டக் கேட்டுப்போட்டு எடுக்கிறன்” என்று தொலைபேசி வைக்கப்படும். எடுக்க மாட்டார்கள். மறு ஞாயிறும் அதே விளம்பரம் அதே இலக்கத்துடன் வரும்.

யாழ்ப்பாணத்தாருக்கு இந்த உரையாடலை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இது முகவரி விசாரிப்பல்ல, சாதி விசாரிப்பு. நேரே கேட்பது நாகரிகமில்லை என்பதால் கோயிலடி வழியாகக் கேட்கிறார்கள். சம்பந்தம் பேசும்போது கேட்கிற கேள்வி அப்படியே வாடகைக்கும் கேட்கப்படுகிறது. அனெக்ஸ் என்பது வீட்டுக்காரரின் மதிலுக்குள், சிலவேளை அவருடைய கிணற்றையும் வாசலையும் பங்குபோடும் இடம். ‘ஆர் ஆக்கள்’ என்று தெரியாமல் எப்படி விடுவது என்பது அவர் தர்க்கம். ஆனால் தனி வாசல், தனித் தண்ணீர் இணைப்பு, மின்தூக்கி எல்லாம் உள்ள ஆறாம் மாடி பிளாட்டுக்கும் இதே கேள்விதான் வருகிறது. சொந்தக்காரர் டொரொண்டோவிலோ லண்டனிலோ இருந்தால், சாவி வைத்திருக்கும் உறவினர் அவருக்காகக் கேட்கிறார். பனி கொட்டும் ஊரில் யாருடைய பக்கத்து வீட்டில் இருக்கிறோம் என்று கேட்காமல் முப்பது வருடம் வாழ்ந்தவர், கொழும்பு ஆறில் தன் பிளாட்டுக்கு வருபவரின் கோயிலடியைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்.

வெளிநாட்டில் இருப்பவர் சொந்தக்காரராவதால் இன்னொரு வகைச் சல்லடையும் வந்துவிட்டது. கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் விடுமுறைக்கும் வருகிற உறவுகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால், மாத வாடகையைவிடப் பல மடங்கு வரும். அதனால் சில பிளாட்டுகள் வருடத்தில் பாதி பூட்டியே கிடந்தாலும் உள்ளூர்க் குடும்பத்துக்குக் கிடைப்பதில்லை. இங்கே நிராகரிப்பை எந்தக் கேள்வியும் செய்வதில்லை, கட்டணமே செய்துவிடுகிறது.

சாதியை மட்டும் சொல்லி நிறுத்தினால் சரித்திரத்தின் பெரிய பங்கை மறைத்தவனாவேன். கொழும்புத் தமிழ் வீட்டுக்காரரை விசாரணைக்காரர் ஆக்கியதில் பொலிஸ் நிலையத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையில் வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் எரிந்தபோது, தாக்க வந்தவர்கள் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது என்று கண்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் சிங்களவர், குடியிருப்பவர் தமிழர் என்று தெரிந்த இடங்களில் கட்டில், அலுமாரி, புத்தகம் எல்லாவற்றையும் வெளியே இழுத்துப்போட்டுத் தெருவில் வைத்துக் கொளுத்தினார்கள். வீட்டைத் தொடவில்லை. இதைக் கண்ட சிங்கள வீட்டுக்காரர்கள் தமிழருக்கு வீடு கொடுப்பதில் இரண்டு முடிவுக்கு வந்தார்கள். சிலர் இனித் தொந்தரவே வேண்டாம் என்று விலகினார்கள். சிலர் வாடகைக்காரரைத் தங்கள் கட்டிலுக்கடியில் ஒளித்துக் காப்பாற்றியவர்கள், பிறகும் கொடுத்தார்கள். இரண்டும் நடந்தது. ஆனால் அதன் பின் தமிழர் தமிழரிடம் வாடகைக்குப் போவது பாதுகாப்பு என்ற எண்ணம் உறுதிப்பட்டு, வெள்ளவத்தை ‘குட்டி யாழ்ப்பாணம்’ ஆனது. 1990லும் 1995 இடப்பெயர்வுக்குப் பிறகும் வடக்கிலிருந்து வந்தவர்கள், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்கள், மாப்பிள்ளையிடம் போகக் காத்திருந்த பெண்கள் எல்லாரும் வந்து இறங்கிய இடம் அது. கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கம் லொட்ஜுகள் நிரம்பின.

அவர்களுக்கு அறை கொடுத்த வீட்டுக்காரர்மீது சட்டம் இறங்கியது. அவசரகால விதிகளின் கீழ் வீட்டில் இருப்போர் பட்டியலைப் பொலிஸுக்குக் கொடுக்க வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, தொழில், கொழும்புக்கு வந்த காரணம் என்று படிவத்தில் கட்டம் கட்டமாகக் கேட்டிருக்கும். விருந்தாளி ஒரு இரவு தங்கினாலும் பொலிஸ் பதிவு வேண்டும் என்ற அச்சம். 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, குற்றம் செய்தவரைப் பற்றித் தெரிந்தும் அறிவிக்காதவருக்கு 7 ஆண்டு வரை சிறை என்றது. சுற்றிவளைப்பு நடக்கும் இரவில் படிவத்திலுள்ள தலைகளும் வீட்டிலுள்ள தலைகளும் ஒத்துப் போகாவிட்டால், முதலில் ஜீப்பில் ஏறுபவர் வீட்டுக்காரர். இந்த நிலையில் வன்னி முகவரி உள்ள இளைஞனுக்கு அறை மறுத்தவரை மனச்சாட்சியில்லாதவர் என்று திட்ட எனக்கு மனம் வரவில்லை.

அடையாள அட்டையே ஒரு விண்ணப்பப் படிவமாகிப் போனது அப்போதுதான். அதில் பிறந்த இடம் இருக்கும். அன்று வடக்கு கிழக்கில் வழங்கிய அட்டைகளில் சிங்களமும் தமிழும் இருந்தன, மற்ற மாவட்டங்களில் சிங்களம் மட்டும். ஆகவே அட்டையைப் புரட்டாமலே ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். சோதனைச் சாவடியில் சிப்பாய் பார்த்த அதே கண்ணால் வீட்டுக்காரரும் அதைப் பார்க்கப் பழகினார்.

இதன் உச்சம் 2007 ஜூன் 7. அன்று அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, பம்பலப்பிட்டிப் பக்கத்து லொட்ஜுகளில் இருந்த தமிழரைப் பொலிஸார் எழுப்பி, பஸ்களில் ஏற்றி வவுனியா உள்ளிட்ட இடங்களுக்கு அனுப்பினார்கள். கொழும்பில் இருக்கத் தகுந்த காரணம் இல்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். அரசு ஒப்புக்கொண்ட கணக்கு 376 பேர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் அடிப்படை உரிமை மனுவுடன் புதுக்கடைக்குப் போனது. மறுநாளே, ஜூன் 8இல், வெளியேற்றத்தை நிறுத்தும்படி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. இரண்டு நாள் கழித்துப் பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். வீட்டுக்காரர் வாய்க்கு வாய் சபிக்கிற அதே புதுக்கடை, ஒரே நாளில் வாடகைக்காரர் பக்கம் நின்ற சந்தர்ப்பமும் இருக்கிறது. ஆனால் நீதிமன்ற உத்தரவு பொலிஸைத்தான் கட்டும். அந்த வாரத்துக்குப் பிறகு ‘நோத்’ ஆட்களுக்கு அறை கொடுப்பதில்லை என்று முடிவெடுத்த லொட்ஜ் முதலாளியை எந்த உத்தரவும் கட்டவில்லை. 2008 செப்டெம்பரில், கடைசி ஐந்து வருடத்துக்குள் வடக்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்த எல்லாரும் பதிய வேண்டும் என்று அறிவித்து மக்களை வரிசையில் நிறுத்தியபோது அந்த முடிவு மேலும் இறுகியது.

2011 ஓகஸ்ட் இறுதியில் அவசரகாலச் சட்டம் போனது. கேள்வி போகவில்லை. பொலிஸ் கட்டளைச் சட்டத்திலேயே வீட்டில் இருப்போர் விவரம் கேட்க இடம் இருப்பதால், படிவங்கள் அவ்வப்போது தமிழர் செறிந்த வீதிகளில் தலைகாட்டுவதும், அரசியல்வாதிகள் எதிர்ப்பதும் போர் முடிந்த பின்னும் நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரர் ஒருவர் “பாத்தீங்களோ, நான் சும்மா கேக்கேல்லை” என்று தன் பழக்கத்துக்குச் சான்று பெறுகிறார்.

கொட்டாஞ்சேனையின் கதை கொஞ்சம் வேறு. வெள்ளவத்தையில் ஊர் கேட்பது சாதிக்காக என்றால், இங்கே ஊர் கேட்பது வர்க்கத்துக்காகவும்தான். பரதர், செட்டிமார், மலையகத்திலிருந்து வந்தவர்கள், முஸ்லிம்கள், சிங்களக் கத்தோலிக்கர் எல்லாரும் தோளோடு தோள் இருக்கிற இடம். மேபீல்ட் வீதியிலோ ஜம்பட்டா வீதியிலோ ஒரே சுவருக்கு இரு பக்கமும் இரண்டு மொழி கேட்கும். அட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் கடைவேலைக்கு வரும் பையன்கள் ஒரு அறையில் ஐந்தாறு பேராகத் தலைக்கு இவ்வளவு என்று படுக்கை வாடகை கொடுத்து இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் கலியாணம் முடித்து மனைவியோடு தனி அறை தேடும்போதுதான் சிக்கல். சம்பளச் சீட்டு கிடையாது. நிரந்தர முகவரி தோட்ட லயன். முதலாளி கடிதம் தர மாட்டார், தந்தால் சேமலாப நிதிக் கணக்கு வெளியே வந்துவிடும். “எஸ்டேட் பக்கமா?” என்ற கேள்வியில் இருக்கும் இழுவையை அவன் ஒவ்வொரு வாசலிலும் கேட்பான்.

2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது கொட்டாஞ்சேனைக்குள்ளேயேதான். தாக்குதல்காரர்கள் வாடகை வீடுகளைப் பயன்படுத்தியிருந்தார்கள் என்பது அடுத்த நாட்களில் தெரியவந்தது. ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் படையினர் சுற்றிவளைத்ததும் ஒரு வாடகை வீட்டைத்தான். அதன் பிறகு முஸ்லிம் பெயர் சொன்னதும் தொலைபேசி வைக்கப்பட்டது. நீர்கொழும்பில் ஐ.நா. அகதிகள் நிறுவனத்தில் பதிந்து வாழ்ந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் நூற்றுக்கணக்கானோரை வீட்டுக்காரர்கள் ஒரே வாரத்தில் வெளியேற்றினார்கள். அவர்களில் பலர் தங்கள் நாட்டில் மதத் தீவிரவாதிகளுக்குப் பயந்து ஓடிவந்த அஹ்மதியர், கிறிஸ்தவர். அந்த வாரங்களில் கொழும்பில் தமிழ் வீட்டுக்காரர்கள் முஸ்லிம்களிடம் கேட்ட கேள்விகள், 2007இல் சிங்கள வீட்டுக்காரர்கள் தமிழரிடம் கேட்டவைதான். வார்த்தை கூட மாறவில்லை. பட்டவர்களே அதைக் கேட்டார்கள் என்பதைச் சொல்லாமல் இந்த விடயத்தை எழுத முடியாது.

இதே படம் சென்னையிலும் ஓடியது. 1991 மே 21இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, இலங்கைத் தமிழர் என்றால் வீடில்லை என்று சென்னையின் பல தெருக்கள் கையை விரித்தன. 2012 பெப்ரவரியில் வேளச்சேரியில் வாடகை வீடொன்றில் இருந்த ஐந்து பேரை வங்கிக் கொள்ளையர் என்று பொலிஸார் சுட்டுக் கொன்ற பின், வாடகைக்காரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு சென்னையிலும் வந்தது. ஒரு குற்றம், அதன் பின் ஒரு படிவம், அந்தப் படிவத்தைச் சாட்டி ஒரு சமூகமே வாசலுக்கு வெளியே. இந்த வரிசை எந்த நாட்டுக்கும் சொந்தமானதல்ல.

தனியாக இருக்கும் பெண்ணைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அறை உண்டு, இரவு ஏழு மணிக்குக் கேற் பூட்டப்படும், ஆண் நண்பர் கூடாது. கணவனைப் பிரிந்தவள் பிள்ளையோடு வந்தால் “அவர் எங்க?” என்ற கேள்விக்குப் பொய் சொல்லிப் பழகிக்கொள்கிறாள். வெளிநாட்டில் என்று சொன்னால் வீடு கிடைக்கும், வாடகையும் ஏறும்.

தரகர் இந்த ஆட்டத்தில் சலிக்கும் வேலையைக் குத்தகைக்கு எடுத்தவர். விளம்பரத்தில் ‘தரகர் வேண்டாம்’ என்று போட்டாலும் முடிவில் அவர்தான் வந்து நிற்பார். வீட்டுக்காரர் வாயால் சொல்லக் கூசுவதைத் தரகரிடம் சொல்வார், தரகர் அதை வெளியே சொல்லாமலே நிறைவேற்றுவார். “அந்த வீடு போயிட்டுது, உங்களுக்கெண்டு வேற இடம் பாத்து வச்சிருக்கிறன்” என்று வேறு வீதிக்கு அழைத்துப் போவார். போனவருக்குத் தான் மறுக்கப்பட்டதே தெரியாது. சாட்சி இல்லாத மறுப்பு இது. இந்தியாவில் சுகதேவ் தோராட் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பிடிக்கப் பார்த்தது. தில்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும், உயர்சாதி இந்து, தலித், முஸ்லிம் என்று பெயர் மட்டும் மாறுபட்ட ஆட்களைக் கொண்டு ஒரே வீடுகளுக்கு விசாரிக்க வைத்தார்கள். தலித்துகளுக்கு மறுப்போ கூடுதல் நிபந்தனையோ கிடைத்தது, முஸ்லிம்களுக்கு அதைவிட அதிகமாக. கொழும்பில் இப்படியொரு பரிசோதனையைச் செய்தால் என்ன வரும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், ஆனால் செய்துதான் பார்க்க வேண்டும். கோபத்தைவிட அட்டவணை நீதிமன்றத்தில் அதிக தூரம் போகும்.

நீதிமன்றம் என்றதும் எழும் கேள்வி: இப்படி மறுக்கப்பட்டவர் புதுக்கடைக்குப் போகலாமா? அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் என்ற காரணங்களால் பாரபட்சம் கூடாது என்கிறது. 14(1)(ஏ) இலங்கைக்குள் விரும்பிய இடத்தில் வதிய உரிமை தருகிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலுக்கு எதிராகத்தான் செல்லும். பொலிஸ் பஸ்ஸில் ஏற்றினால் மனுப் போடலாம், அன்ரி தொலைபேசியை வைத்தால் போட முடியாது. தனியார் இடங்களையும் எட்டிப் பார்க்கிற ஒரு வாசகம் 12(3)இல் உண்டு: கடை, உணவகம், ஹோட்டல், பொது விநோத இடம், தன் மத வழிபாட்டிடம் ஆகியவற்றுக்குள் எவரையும் இனம் மதம் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது. தேநீர்க் கடையில் தனிச் சிரட்டை வைத்த காலத்தை நினைத்து எழுதிய பட்டியல்போல் இருக்கிறது. வாடகை வீடு அதில் இல்லை. எண்பது வருடமாக வாடகைக்காரர் வெளியேறும் வழியைப் பற்றி மட்டும் சட்டம் செய்த நாடு, அவர் உள்ளே வரும் வழியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

அமெரிக்கா 1968இல் வீடமைப்பு நீதிச் சட்டத்தால் இனம், நிறம், மதம், பிறந்த நாடு பார்த்து வாடகை மறுப்பதைச் சட்டவிரோதமாக்கியது, குடும்பம் ஒன்று தான் இருக்கும் வீட்டின் பகுதியை வாடகைக்கு விடுவது போன்ற சிறு விதிவிலக்குகளோடு. பிரிட்டன் அதே வருடம் இன உறவுகள் சட்டத்தை வீடுகளுக்கும் நீட்டியது. லண்டன் ஜன்னல்களில் கறுப்பருக்கு இடமில்லை என்று எழுதி வைத்த பலகைகள் சட்டப்படி இறங்கின. இந்தியா வேறு வழி போனது. 2005இல் அகமதாபாத் பார்சி வீட்டுச் சங்கத்தின் வழக்கில், உறுப்பினர் பார்சியராகவே இருக்க வேண்டும் என்ற சங்க விதி செல்லும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் வந்த நாடுகளில் பாரபட்சம் ஒழியவில்லைதான், பலகை இறங்கித் தரகர் கைக்குப் போனது. ஆனாலும் வேண்டாம் என்பவர் காரணத்தை மறைக்க வேண்டிய நிலை வந்தது. மறைக்க வேண்டியது தவறென்று பிள்ளைகளுக்கும் தெரிந்தது.

வீட்டுக்காரர் கேட்கவே கூடாது என்று நான் வாதாடவில்லை. ஓய்வூதியத்தோடு ஒரு அனெக்ஸ் வாடகையையும் நம்பி மருந்து வாங்கும் விதவைக்கு, வருபவர் மாதம் தவறாமல் கட்டுவாரா, முந்திய வீட்டில் கரண்ட் பில், தண்ணி பில் விட்டுவிட்டு ஓடினாரா என்று அறிய எல்லா உரிமையும் உண்டு. சம்பளச் சீட்டு, வேலையிடக் கடிதம், முந்திய வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கம், எத்தனை பேர் இருப்பார்கள், நாய் உண்டா, எல்லாம் கேட்கலாம். இவற்றுக்கும் வாடகைக்கும் தொடர்புண்டு. கோயிலடிக்கும் வாடகைக்கும் என்ன தொடர்பு? வாடகையைக் கட்டாமல் ஏமாற்றியவர்களின் கதைகளைக் கேட்டுப் பாருங்கள், அவர்களில் பாதிப்பேர் நல்ல அறிமுகத்தோடு, ‘எங்கட ஆக்கள்’ என்ற நம்பிக்கையில் எழுத்தில்லாமல் வந்தவர்கள். எழுத்தைத் தவிர்ப்பது வீட்டுக்காரர்களேதான். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்று 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அப்படி எழுதினால்தான் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் விரைவு வழி கிடைக்கும். எழுதினால் வருமானம் வெளியே தெரியும், வரி வரும். ஆகவே கைக்கடிதத்தோடு ஆறு மாதம், ஒரு வருடம் என்று முற்பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மிச்சப் பாதுகாப்பைச் சாதியிலும் ஊரிலும் தேடுகிறார்கள். புதுக்கடைக்கு அலைய வேண்டி வருவது அங்கிருந்துதான்.

எழுத்தில்லாத வாடகையின் விலையைக் கடைசியில் கட்டுவது பிள்ளை. அரச பாடசாலையில் முதலாம் ஆண்டு அனுமதிக்கு வதிவிடத்தை நிரூபிக்க வேண்டும். ஐந்து வருட வாக்காளர் இடாப்புப் பதிவுக்குப் புள்ளி, உறுதிக்குப் புள்ளி, பதிந்த குத்தகைக்கு அதைவிடக் குறைந்த புள்ளி. பல வீட்டுக்காரர்கள் வாக்காளர் படிவத்தில் வாடகைக்காரர் பெயரைச் சேர்க்க விடுவதில்லை, பெயர் ஏறினால் உரிமை கொண்டாடுவார்கள் என்ற பயம். 1983இல் இடாப்பில் பெயர் இருந்ததால் எரிந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று இடாப்பில் பெயர் இல்லாததால் வீட்டுக்கு எதிரே உள்ள பள்ளிக்கூடத்தில் சேர முடியாமல் வத்தளைக்கும் ஹெந்தளைக்கும் போகிறார்கள். அங்கேயும் தமிழ்க் குடும்பங்கள் பெருகி, வாடகை ஏறி, “சொந்த இடம் எவடம்?” தொடங்கிவிட்டது. வாடகை மறுப்புக்கு எதிரான சட்டம் வர எத்தனை வருடமோ. ஆனால் இடாப்பில் பெயர் சேர்க்க வாடகைக்காரருக்கு வீட்டுக்காரரின் தயவு தேவையில்லை என்பதை உறுதிப்படுத்தப் புதுச் சட்டம் வேண்டாம். கிராம உத்தியோகத்தர் படிவத்தைக் கேற்றில் வீட்டுக்காரரிடம் மட்டும் நீட்டாமல், பின்பக்க அனெக்ஸ் கதவையும் தட்டினால் போதும்.